மந்திரக்கோலுக்கு அடியில் ஒரு ஹாஸ்டல் கதை

ஹாரி பாட்டரின் முதல் புத்தகத்தை முதல்முறை படித்தபோது, ப்ரீஃபெக்ட் என்பது ஒருவகை மந்திரவாதி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஹாரியின் நண்பன் ரானின் அண்ணன் பெர்சி, ‘பி’ என்ற எழுத்து பொறித்த பேட்ஜைக் குத்திக்கொண்டு ரயில் நிலையத்தில் பெருமை பொங்க வந்து நிற்பான். ஏதோ பெரிய வித்தையில் தேறியவன் போலிருக்கிறது என்று நானே முடிவு செய்துகொண்டேன். பிறகுதான் தெரிந்தது. காலைப் பிரேயரில் வரிசை கோணலானால் தோளைப் பிடித்து இழுத்து நேராக்குவாரே எங்கள் பள்ளி எஸ்.பி.எல். அண்ணன், கிட்டத்தட்ட அவர்தான் ப்ரீஃபெக்ட்.

இப்படி அந்தப் புத்தகத்தில் மாயம் என்று நான் நம்பிய பாதிச் சமாச்சாரம் மாயமே இல்லை. வெறும் இங்கிலாந்து. நான்கு ஹவுஸ், பாயின்ட் கொடுப்பது, பாயின்ட் பிடுங்குவது, ட்ரங்குப் பெட்டியோடு ரயில் ஏறுவது, ராத்திரியில் படுக்கையை விட்டு நழுவிப் போய் மாட்டிக்கொள்வது எல்லாமே அந்த ஊர்ப் பிள்ளைகள் நூறு வருடத்துக்கு மேலாகக் கதைகளில் படித்துப் பழகியவை. அந்தப் பழக்கம் என்னவென்று தெரிந்துவிட்டால், ‘மந்திரப் பள்ளிக் கதை’ என்கிற வகை எப்படி ஓடுகிறது என்பதும் பிடிபட்டுவிடும்.

புத்தகத்தைத் தொடாதவர்களுக்காகக் கதையை ஒரு மூச்சில் சொல்லிவிடுகிறேன். பெற்றோரை இழந்த ஹாரி, பெரியம்மா வீட்டில் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் அலமாரி அறையில் படுத்து வளர்கிறான். பதினோராவது பிறந்தநாளை ஒட்டி ஒரு கடிதம் வருகிறது. அவன் ஒரு மந்திரவாதி, ஹாக்வார்ட்ஸ் பள்ளியில் அவனுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அங்கே போகிறான், ரான், ஹெர்மாயனி என்று இரண்டு நண்பர்கள் கிடைக்கிறார்கள், பள்ளிக்குள் ஒளித்து வைத்திருக்கும் ஒரு பொருளை யாரோ திருடப் பார்ப்பதை மூவரும் மோப்பம் பிடிக்கிறார்கள். யார் என்பதை நான் சொல்லப்போவதில்லை. மொத்தம் 17 அத்தியாயம். பள்ளிக்குள் அவன் காலடி வைப்பது ஏழாவதில்தான். அதுவரை கடிதம், கடைத்தெரு, ரயில் என்று ஆசிரியை ஜே.கே. ரௌலிங் நம்மை ஏங்க வைத்துக்கொண்டே இருப்பார்.

சரி, இந்தப் பள்ளி எங்கிருந்து வந்தது?

இங்கிலாந்தில் ‘பப்ளிக் ஸ்கூல்’ என்றால் அரசுப் பள்ளி என்று அர்த்தமில்லை. நேரெதிர். நிறையக் கட்டணம் வாங்கிக்கொண்டு, வசதியான வீட்டுப் பிள்ளைகளைத் தங்கவைத்துப் படிக்க வைக்கும் பழைய தனியார் பள்ளிகளுக்கு அங்கே அந்தப் பெயர். ஈட்டன், ரக்பி, ஹாரோ எல்லாம் அந்த ரகம். ரக்பி பள்ளியில் 1828 முதல் 1842 வரை தாமஸ் ஆர்னால்டு என்பவர் தலைமையாசிரியராக இருந்தார். பெரிய வகுப்புப் பையன்களின் கையில் பொறுப்பைக் கொடுத்து, சின்னவர்களை அவர்கள் வழியாகவே கட்டி மேய்க்கும் முறையை அவர் உறுதிப்படுத்தினார். அந்தப் பள்ளியில் படித்த தாமஸ் ஹியூஸ், 1857-இல் அந்த வாழ்க்கையை ஒரு நாவலாக எழுதினார். டாம் பிரவுன் என்ற பையன் வீட்டை விட்டு வருகிறான், ஈஸ்ட் என்று ஒரு நண்பன் கிடைக்கிறான், ஃபிளாஷ்மேன் என்ற ரவுடிப் பையனிடம் அடி வாங்குகிறான், எட்டாத உயரத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கும் தலைமையாசிரியரின் அன்புக்குப் பாத்திரமாகிறான். பெயர்களை மட்டும் ரான், மால்ஃபாய், டம்பிள்டோர் என்று மாற்றிப் படித்துப் பாருங்கள். மால்ஃபாய் மட்டும் ஃபிளாஷ்மேன் அளவுக்குக் கொடியவன் இல்லை.

ஹவுஸ் என்ற சொல்லில்தான் நம் ஊர் வாசகர்கள் அதிகம் தடுமாறுகிறோம். நமக்கு ஹவுஸ் என்றால் ஸ்போர்ட்ஸ் டே அன்றைக்குப் போடும் பனியனின் நிறம். ரெட் ஹவுஸ், ப்ளூ ஹவுஸ், மறுநாள் மறந்துவிடும். அங்கே அது சொல்லுக்குச் சொல் வீடு. பையன்கள் தூங்குவதும் சாப்பிடுவதும் ஒரு தனிக் கட்டடத்தில். அதைக் கவனிக்க ஓர் ஆசிரியர், அவர் ஹவுஸ் மாஸ்டர். வருடத்தில் முக்கால்வாசி நாள் அம்மா அப்பாவைப் பார்க்க முடியாத பிள்ளைக்கு அதுதான் குடும்பம். அந்த ஊரிலிருந்து ஹவுஸ் முறை நம் பள்ளிகளுக்கு வந்தபோது கட்டடம் கப்பலேறவில்லை, நிறம் மட்டும் வந்து இறங்கியது. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் ஹாஸ்டல் பள்ளியில் படித்தவர்களைக் கேட்டால் பழைய பொருளைச் சொல்வார்கள்.

இதைத் தெரிந்துகொண்டு, யார் எந்த ஹவுஸ் என்று சொல்லும் அந்தப் பழைய தொப்பியை ஹாரியின் தலையில் வைக்கும் காட்சிக்குத் திரும்பிப் போங்கள். க்ரிஃபிண்டாரா, ஸ்லிதரினா என்று அவன் நடுங்குவது அணி பிரிக்கும் நடுக்கம் இல்லை. வாழ்க்கையில் முதல்முறையாக அவனுக்கு ஒரு வீடு அமையப்போகிறது. படிக்கட்டு அலமாரியில் படுத்தவனுக்கு அது என்னவாக இருக்கும்!

இதே கணக்கில்தான் 150 பாயின்ட் விவகாரமும். புத்தகத்தின் பின்பகுதியில், ராத்திரியில் வெளியே சுற்றியதற்காக ஹாரி, ஹெர்மாயனி, சகமாணவன் நெவில் மூவருக்கும் ஆளுக்கு 50 பாயின்ட் பறிபோகிறது. மறுநாளிலிருந்து பள்ளியே அவர்களிடம் முகம் கொடுத்துப் பேச மறுக்கிறது. உயிருக்கு ஆபத்தான மர்மம் ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்கும்போது, மார்க் போனதற்கு ஏன் இவ்வளவு அழுகை என்று எனக்கு அப்போது எரிச்சலாக இருந்தது. இப்போது அதைத்தான் அந்தப் புத்தகத்தின் மிக நல்ல இடங்களில் ஒன்றாக நினைக்கிறேன். வீட்டார் அத்தனை பேர் சேர்த்து வைத்ததை ஒரே ராத்திரியில் தொலைத்துவிட்டு, அதே வீட்டில் சாப்பிட உட்கார வேண்டும். பதினோரு வயதில் கொடிய மந்திரவாதியைவிட அது பயங்கரம்.

ஹியூஸுக்குப் பிறகு இந்த வகைக் கதைகள் இங்கிலாந்தில் வாரப் பத்திரிகைகளில் கொட்டித் தீர்த்தன. பெண் பிள்ளைகளுக்கும் தனியாக வந்தன. நம் ஊர் ஆங்கில மீடியம் பிள்ளைகள் பலருக்குத் தெரிந்த எனிட் பிளைட்டன், 1946-இலிருந்து 1951 வரை ‘மாலரி டவர்ஸ்’ வரிசையில் ஆறு புத்தகம் எழுதினார். முதல் புத்தகத்தின் தொடக்கம் என்ன தெரியுமா? புதுச் சீருடை போட்டுக்கொண்ட டாரல் என்ற சிறுமி, லண்டனில் பள்ளி ரயிலைப் பிடிக்கக் கிளம்புகிறாள்.

எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல், தானே ஈட்டனில் படித்தவர், 1940-இல் இந்தப் பத்திரிகைக் கதைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அப்படிப்பட்ட பள்ளிக்கு ஒருநாளும் போகப்போகாத ஏழை வீட்டுப் பிள்ளைகளும் இவற்றை விழுந்து விழுந்து படிக்கிறார்கள் என்பது அவர் கவனித்த விஷயங்களில் ஒன்று. ஜே.கே. ரௌலிங் படித்ததும் அரசு செலவில் நடக்கும் சாதாரணப் பகல் பள்ளியில்தான். ஹாஸ்டல் பள்ளிக்குப் போகாத ஒருவர், ஹாஸ்டல் பள்ளிக்குப் போகாத கோடிக்கணக்கான பேருக்காக எழுதிய ஹாஸ்டல் கதை இது. உண்மையில் அங்கே படித்தவர்கள் எழுதினால் குளிரும் கஞ்சியும் பிரம்படியும் கொஞ்சம் தூக்கலாக இருந்திருக்கும்.

இந்த எலும்புக்கூட்டின் மேல் மந்திரத்தைப் போர்த்துவது எப்படி? பாடவேளை அட்டவணையில் கைவைத்தால் போதும். வேதியியல் இருந்த இடத்தில் கஷாயம் காய்ச்சும் பாடம். தாவரவியல் இருந்த இடத்தில் கத்தும், கடிக்கும் செடிகள். சரித்திர ஆசிரியர் பின்ஸ் ஒருநாள் ஓய்வறையில் தூங்கி, உடம்பை அங்கேயே விட்டுவிட்டு ஆவியாக எழுந்து வகுப்புக்கு வந்துவிட்டவர். செத்தும் கொடுத்தான் சீதக்காதி என்பார்கள், இவர் செத்தும் பாடம் எடுக்கிறார். வகுப்பு என்னவோ அப்போதும் தூங்கத்தான் செய்கிறது. இங்கேதான் இந்த வகையின் சூட்சுமம் இருக்கிறது. மந்திரம் அதிசயமாக இருக்க வேண்டும், ஆனால் அதைக் கற்பது ஹோம்வொர்க்காக இருக்க வேண்டும். இறகைப் பறக்கவைக்கும் மந்திரத்தில் உச்சரிப்பை ரான் தப்பாகச் சொல்வதும், ஹெர்மாயனி திருத்துவதும், அவன் கடுப்பாவதும் எந்த ஊர் வகுப்பிலும் நடக்கக்கூடியது. நினைத்ததும் எல்லாம் நடந்துவிட்டால் அங்கே கதையும் இல்லை, பள்ளியும் தேவையில்லை.

மந்திரச் சொற்கள் ஏன் லத்தீன் வாடை அடிக்கின்றன என்ற கேள்விக்கும் பள்ளிதான் பதில். பழைய இங்கிலாந்துப் பள்ளிகளில் நாள் முழுக்க லத்தீன் இலக்கணம். படிக்காத ஜனங்களுக்கு லத்தீன் படித்தவர்களைப் பார்த்தால் ஒரு பயம், இவர்களுக்கு மாயவித்தையும் தெரிந்திருக்கும் என்று. ‘கிராமர்’ என்ற சொல் ஸ்காட்லாந்துப் பேச்சில் திரிந்துதான் ‘கிளாமர்’ ஆனது. அன்றைக்கு அதன் பொருள் மாயம். சினிமா நடிகைகளோடு அது ஒட்டிக்கொண்டதெல்லாம் வெகு பிற்பாடு. ஆக, இலக்கணமும் மந்திரமும் ஆங்கிலத்தில் ஒட்டிப் பிறந்தவை. சொல்விளையாட்டும் நிறைய உண்டு. மனதின் ஆசையைக் காட்டும் கண்ணாடியின் பெயர் ‘எரிசெட்’, அதாவது ஆசைக்கான ஆங்கிலச் சொல்லை, கண்ணாடியில் தெரிவது போலத் திருப்பிப் போட்டது. தமிழில் ஆசையைத் திருப்பினால் ‘சைஆ’. மொழிபெயர்ப்பாளர் பாடு திண்டாட்டம்தான்.

பதினோரு வயது என்பதும் சும்மா இல்லை. பிரிட்டனில் தொடக்கப் பள்ளி முடிந்து பெரிய பள்ளிக்குப் போகும் வயது அது. 1944-இல் வந்த கல்விச் சட்டத்துக்குப் பிறகு, பல பத்தாண்டுகள் அந்த வயதில் ஒரு தேர்வு வைத்து, தேறியவர்களை ஒரு வகைப் பள்ளிக்கும் தேறாதவர்களை வேறு வகைப் பள்ளிக்கும் பிரித்தார்கள். நம் ஊரில் பிளஸ் டூ முடிவுக்காக வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்குமே, அந்த மாதிரி. பதினோரு வயதுப் பிள்ளையின் பெயருக்கு, அவன் எந்தப் பள்ளிக்குப் போகப்போகிறான் என்று ஒரு கடிதம் வந்தால் பிரிட்டிஷ் குடும்பத்துக்கு அது சாதாரணக் கடிதம் இல்லை. ஆந்தை கொண்டுவந்ததா தபால்காரர் கொண்டுவந்தாரா என்பது அடுத்த விஷயம்.

அப்புறம் காசு. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. மந்திர உலகத்தில் ஒரு தங்க கேலியனுக்கு 17 வெள்ளி சிக்கிள், ஒரு சிக்கிளுக்கு 29 நட். ஹாரியைக் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போகும் பள்ளிக் காவலர் ஹக்ரிட் ரொம்பச் சுலபம் என்பது போல இதைச் சொல்லிவிட்டுப் போவார். 17, 29 இரண்டும் பகா எண்கள், ஒரு கேலியனுக்கு 493 நட், பாதியாக்கக்கூட முடியாது. கிறுக்குத்தனமாகத் தெரிகிறதா? 1971 பிப்ரவரி 15 வரை பிரிட்டனில் 12 பென்னிக்கு ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங்குக்கு ஒரு பவுண்டு. ரௌலிங்குக்கு அப்போது ஐந்து வயது. பெரியவர்கள் பழைய கணக்கை விட முடியாமல் புலம்பிய காலத்தில் வளர்ந்த பிள்ளை, அந்தப் புலம்பலை எடுத்துக் கதையில் வைத்துவிட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது. நமக்கும் இது அந்நியமில்லை. 1957 ஏப்ரல் வரை இங்கே ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை. என் தாத்தா கடைசிவரை ‘நாலணா’ என்றுதான் சொன்னார், நாங்கள் அதைக் கேட்டுச் சிரித்தோம். ஹக்ரிட்டுக்குச் சிரிக்கவில்லை, அவர் மாயலோகத்து ஆள் என்று நினைத்துவிட்டோம்.

மந்திரப் பள்ளியை ரௌலிங்தான் கண்டுபிடித்தார் என்று நினைத்துவிட வேண்டாம். அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவினிடம் 1967-இல் ஒரு பதிப்பாளர், வளர்ந்த பிள்ளைகளுக்காக ஒரு புத்தகம் எழுதித் தரச் சொன்னார். லெ குவினுக்கு ஒரு சந்தேகம் வந்தது. கதைகளில் வரும் மந்திரவாதிகள் எல்லாம் வெள்ளைத் தாடிக் கிழவர்கள். தாடி முளைக்கும் முன்னால் அவர்கள் எங்கே இருந்தார்கள்? அந்த வித்தையை எங்கே படித்தார்கள்? அந்தச் சந்தேகத்திலிருந்து 1968-இல் ‘எர்த்சீ’ வரிசையின் முதல் நாவல் பிறந்தது. கெட் என்ற ஆடு மேய்க்கும் பையன், ரோக் என்ற தீவில் இருக்கும் மந்திரப் பள்ளிக்குப் போகிறான்.

ஆனால் இது ஹாஸ்டல் கதை இல்லை. பத்து அத்தியாயத்தில் இரண்டே அத்தியாயம்தான் பள்ளி. பாயின்ட் இல்லை, மேட்ச் இல்லை. ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் உண்மைப் பெயர் உண்டு, அதை அறிந்தவனுக்கு அந்தப் பொருள் கட்டுப்படும் என்பது அந்த உலகத்தின் விதி. அதனால் மாணவர்கள் தனிக் கோபுரம் ஒன்றில் உட்கார்ந்து, மாதக்கணக்கில் பெயர்ப் பட்டியலை மனப்பாடம் செய்கிறார்கள். நிகண்டைத் தலைகீழாக ஒப்பித்த நம் பழைய திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இது நன்றாகப் புரிந்திருக்கும். கெட் ஒரு சகமாணவனிடம் தன் பெருமையைக் காட்டப் போய், செத்தவரின் ஆவியை அழைக்கிறான். கூடவே ஒரு நிழல் வெளியே வந்துவிடுகிறது. பிறகு முழு நாவலும் அந்த நிழலுக்கும் அவனுக்கும் நடப்பதுதான். ரௌலிங்கிடம் தப்புக்குத் தண்டனை பாயின்ட், லெ குவினிடம் தப்புக்குத் தண்டனை தப்பேதான். இரண்டில் எது பெரிய புத்தகம் என்று என்னைக் கேட்டால் யோசிக்காமல் லெ குவின் என்பேன். பன்னிரண்டு வயதில் எதைத் திரும்பத் திரும்ப எடுப்பேன் என்றால் அது வேறு பதில்.

சிரிப்பு வேண்டுமென்றால் ஜில் மர்ஃபி. தான் படித்த கான்வென்ட்டை மனதில் வைத்து, சூனியக்காரிகளுக்கான பெண்கள் பள்ளி ஒன்றை உருவாக்கி 1974-இல் வெளியிட்டார், படங்களும் அவரே வரைந்தார். நாயகி மில்ட்ரெட் எதைத் தொட்டாலும் சொதப்பல். வகுப்பில் எல்லோருக்கும் கறுப்புப் பூனைக்குட்டி, இவளுக்கு மட்டும் வரிப்பூனை. சிரிப்பு வரவழைக்கும் மருந்து காய்ச்சச் சொன்னால், மறைந்துபோகும் மருந்தைக் காய்ச்சி வைப்பாள். ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு இந்த வகையை அறிமுகப்படுத்த இதைவிடத் தோதானது எனக்குத் தெரியவில்லை.

அப்படியென்றால் 1997 ஜூன் 26 அன்று வந்த ஹாரி பாட்டரில் புதிதாக என்ன? தனித்தனியாக எதுவும் இல்லை என்றே சொல்லலாம். ஹாஸ்டல் கதை, அனாதைப் பிள்ளைக் கதை, துப்பறியும் கதை மூன்றையும் ஒரே கயிறாக முறுக்கியதுதான் கைத்திறன். செப்டம்பரில் ரயில், டிசம்பரில் கிறிஸ்துமஸ், ஜூனில் பரீட்சை. பள்ளி ஆண்டு எப்படி நடக்குமோ அப்படியே துப்பும் ஒவ்வொன்றாக விழுகிறது. பரீட்சை முடிந்த கையோடு மர்மமும் உடைகிறது. பெற்றோர் பக்கத்தில் இல்லாததால் எல்லா முடிவையும் பிள்ளைகளே எடுக்க வேண்டும். ஹாஸ்டல் கதை நாவலாசிரியருக்குச் செய்யும் மிகப் பெரிய உபகாரம் இதுதான், அப்பா வந்து காப்பாற்ற முடியாது.

அவர்கள் துரத்தும் அந்தப் பொருள் ரசவாதக் கல். இரும்பைப் பொன்னாக்கும், ஆயுளை நீட்டிக்கும். நம் சித்தர் மரபில் ரசவாதமும் காயகற்பமும் சேர்ந்தே பேசப்படுவதால், தமிழ் வாசகருக்கு இது உடனே புரிந்துவிடும். பிரிட்டிஷ் தலைப்பின் பொருள் ‘தத்துவஞானியின் கல்’. அமெரிக்கப் பதிப்பாளர்களுக்கோ தலைப்பில் ‘தத்துவஞானி’ என்ற சொல்லைப் பார்த்தால் பிள்ளைகள் ஓடிவிடுவார்கள் என்று பயம், அதனால் 1998-இல் ‘மந்திரவாதியின் கல்’ என்று பொருள்படும்படி தலைப்பை மாற்றினார்கள். கல்லுக்குச் சொந்தக்காரராக வரும் நிக்கோலா ஃபிளமெல் நிஜமான ஆள். பாரிஸில் ஏடு எழுதிப் பிழைத்தவர், 1418-இல் இறந்தார். 1407-இல் அவர் கட்டிய கல்வீடு இன்றும் அங்கே நிற்கிறது. ரசவாதி என்ற பட்டம் அவர் செத்து வெகுகாலம் கழித்து ஊரார் கட்டிவிட்ட கதை.

புதிதாகப் படிக்கத் தொடங்குகிறவர்களுக்கு ஒன்று. முதல் நான்கு அத்தியாயத்தில் அலுப்புத் தட்டினால் புத்தகத்தை மூடிவிட வேண்டாம், ஐந்தாவதில் வரும் கடைத்தெருவரை பொறுங்கள். மேமாதக் கடைசியில் நோட்டுக்கும் ஷூவுக்கும் அலையும் நம் பிள்ளைகளைப் போல, ஹாரி கையில் பட்டியலோடு அலைவான். சீருடை மூன்று செட், பாடப் புத்தகங்கள், ஒரு கொப்பரை, ஒரு தராசு, ஒரு மந்திரக்கோல்.

அந்தப் பட்டியலில் ஒரு வேடிக்கை உண்டு. பிரிட்டனில் கெட்டி அட்டையில் முதன்முதலாக அச்சிட்டது 500 பிரதிதான், அதில் சுமார் 300 நூலகங்களுக்குப் போய்விட்டன. அந்த அச்சில் 53-ஆம் பக்கத்தில், பள்ளிக்கு வாங்கவேண்டிய சாமான் பட்டியலில் ‘மந்திரக்கோல் 1’ என்பது இரண்டு தடவை விழுந்துவிட்டது. மெய்ப்புப் பார்த்தவர் கண்ணில் படவில்லை. 2021-இல் அந்த 500-இல் ஒன்று அமெரிக்க ஏலத்தில் 4 லட்சம் டாலருக்கு மேல் போனது. இப்போதும் பழைய புத்தகம் சேர்க்கிறவர்கள் அந்தப் புத்தகம் கையில் கிடைத்தால், முதல் பக்கத்தின் பதிப்பு விவரத்தைப் பார்த்த கையோடு நேராக 53-க்குத்தான் புரட்டுகிறார்கள்.